புத்தகத்தில் இல்லாத தோட்டா

1

ஊரில், கணபதி பக்கத்துப் பட்டறையில் என்னோடு லேத் ஓட்டியவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆறு மாதமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாச்சிமுத்து அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கிவிட்டானாமே, சாமி கும்பிடுகிற ஆளுக்கு அது எதற்கு என்று. குழுவில் இரண்டு வரியில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் படித்தது ஐ.டி.ஐ. டர்னர். எழுத்தும் அந்த அளவுக்குத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க மாட்டேன். முழுதும் படித்துவிட்டுப் பேசுங்கள் என்று கேட்கிறேன்.

வந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. விசா என் மனைவி சுகந்திக்கு வந்தது. அவள் ஸ்டாஃப் நர்ஸ். நான் அவளோடு வந்தவன். முதலில் நியூ ஜெர்சியில் பார்சிப்பனி பக்கம் ஏழு வருடம், நான் ஒரு மளிகைக் குடோனில் பெட்டி அடுக்கினேன். அப்புறம் அவளுக்கு டெக்சாஸில் நல்ல ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து ஆஸ்டினுக்கு வடக்கே சீடர் பார்க் வந்தோம். எந்தத் தாளை எடுத்தாலும் அவள் பெயர் மேலே இருக்கும், என் பெயர் கீழே "டிபென்டன்ட்" என்ற கட்டத்தில் இருக்கும். ஒரு தடவை பல் டாக்டரிடம் போனபோது கவுன்ட்டரில் இருந்த பெண் இன்சூரன்ஸ் சந்தாதாரரின் பிறந்த தேதி கேட்டாள். என் தேதியைச் சொன்னேன். அது இல்லை சார், சந்தாதாரர், சந்தாதாரர் என்று மூன்று முறை சொன்னாள். பக்கத்தில் நின்ற என் மகள் தாரணிக்கு அப்போது ஆறு வயது. அவள்தான் எனக்கு விளக்கினாள்: "அம்மா இஸ் த மெயின். யூ அண்ட் மீ ஆர் அண்டர் ஹர், அப்பா."

அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. சுகந்தியின் உழைப்பில்தான் இந்த வீடு நிற்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வாழ்க்கையில் பெரிதாக எதையும் நான் முடிவு செய்ததில்லை. ஐ.டி.ஐ.யில் சேர்த்தது அப்பா. பெண் பார்த்தது பெரியவர்கள். அமெரிக்கா போகச் சொன்னது சுகந்தியின் அண்ணன். முப்பது வருடம் லேத்தில் நின்றிருக்கிறேன், அத்தனை வருடமும் வேறு யாரோ போட்ட வரைபடத்தைப் பார்த்துத்தான் கடைந்திருக்கிறேன்.

2

லம்பாசஸ் போகிற 183ஆம் நம்பர் ரோட்டில், எங்கள் வீட்டிலிருந்து நாற்பது நிமிடத்தில், ரைபிள் பேரல், அதாவது துப்பாக்கிக் குழல், செய்கிற சின்னப் பட்டறை ஒன்று இருக்கிறது. டெக்சாஸ் வந்த அடுத்த வருடம் அங்கே சேர்ந்தேன். முதலாளி லோரெட்டா என்ற அம்மா. புருஷன் போனபிறகு தனியாக நடத்துகிறார். மேடம் என்று கூப்பிடாதே என்று பத்து வருடமாகச் சொல்கிறார், நான் பத்து வருடமாக அப்படியே கூப்பிடுகிறேன். மிஷினில் கை வைத்த முதல் நாள் அவர் என்னிடம் சர்டிபிகேட் எதுவும் கேட்கவில்லை. ஒரு தண்டைக் கொடுத்து அரை தௌ-க்குள் கடையச் சொன்னார். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடைந்தேன். நாளைக்கு ஏழு மணிக்கு வா என்றார்.

பட்டறைக்குப் பின்னால் சுடும் மைதானம் இருக்கிறது. செய்த பேரலைச் சோதிக்க அங்கேதான் சுட்டுப் பார்ப்போம். அப்படித்தான் பழகினேன். அறுநூறு கஜத்துக்கு அப்பால் ஒரு காகிதம். மூச்சை விட்டு, முருகனின் ஆறெழுத்தை ஒரு முறை மனதுக்குள் சொல்லி முடிக்கிற இடத்தில் விரலை அழுத்துவேன். கோயில் பிராகாரத்தில் கிடைக்கிற அமைதி எனக்கு அங்கேயும் கிடைத்தது. இதைச் சொன்னபோது எங்கள் கோயில் கமிட்டி அங்கிள் ஒருவர் முகத்தைச் சுளித்தார், உயிர்க்கொலை என்றார். பழனிக்கு முதல் மாலை போட்ட வருடத்திலிருந்து நான் கவுச்சி தொட்டதில்லை. அவர் வீட்டு விருந்தில் கோழி பிரியாணி சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். என் குண்டு பட்டுச் செத்தது காகிதம் மட்டும்தான். அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

பட்டறையில் சேர்ந்து பத்து வருடம் ஆன அன்று லோரெட்டா மேடம் எனக்கு ஒரு பேரல் கொடுத்தார். நானே துளையிட்டு, குண்டைச் சுழல வைக்கிற உள்வரியையும் நானே போட்டது. கால் அங்குலத் துளை. இங்கே குவார்ட்டர் போர் என்பார்கள். அதன் பின்முனை மட்டும் இன்னும் வெட்டப்படவில்லை. தோட்டா போய் உட்காருகிற அறையை அங்கேதான் குடைய வேண்டும். எந்தத் தோட்டாவுக்கு அறை குடைகிறோமோ அந்தத் தோட்டாதான் அந்தப் பேரலுக்கு, சாகிற வரைக்கும். நீ எது வேண்டும் என்று சொல்லு, அதற்கு வெட்டிக்கொள்ளலாம் என்றார் மேடம்.

அவருக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

3

கால் அங்குலத்தில் எல்லாரும் எடுப்பது 25-06 என்கிற தோட்டா. கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். வீட்டில் நாமே வெடிமருந்து நிரப்பிக்கொள்வதற்கும் அளவுப் புத்தகம் இருக்கிறது, எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து, எதைத் தாண்டக் கூடாது என்று பக்கம் பக்கமாகப் போட்டிருப்பார்கள்.

நான் விரும்பியது அது இல்லை. கம்பெனிகள் செய்யாத, கடையில் கிடைக்காத, புத்தகத்தில் ஏறாத தோட்டாக்களை இங்கே வைல்ட்கேட் என்கிறார்கள். காட்டுப்பூனை. வேறு ஏதோ ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை ஒடுக்கி, தோளை நிமிர்த்தி, நமக்கு வேண்டிய உருவத்துக்கு நாமே கொண்டுவர வேண்டும். அறை குடைகிற ரீமரையும் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டும். அந்த 25-06 கூட ஒரு காலத்தில் காட்டுப்பூனையாக அலைந்ததுதான். வெகுகாலம் கழித்துத்தான் ஒரு கம்பெனி அதைக் கட்டிப்போட்டது.

எனக்குக் காரணம் இருந்தது. நீளமான, கனமான புதுக் குண்டுகள் கால் அங்குலத்துக்கு இப்போதுதான் வந்திருக்கின்றன. காற்றில் அவ்வளவாக விலகாது. என் பேரலின் உள்வரியை அந்தக் குண்டுக்காகவே நெருக்கமாகத் திருகியிருந்தேன். 25-06 கூட்டில் அதை உட்கார வைத்தால் குண்டின் உடம்பு மருந்துக்கான இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். குட்டையான, பருத்த ஒரு பெரிய தோட்டாவின் கூட்டை எடுத்து ஒடுக்கினால் குண்டுக்கும் இடம், மருந்துக்கும் இடம். நொடிக்கு மூவாயிரத்து நூறு அடி வேகம் தாண்டும் என்று கணக்குப் போட்டேன். டெக்சாஸ் காற்றில் அறுநூறு கஜத்தில் குண்டு விலகுவது ஒரு உள்ளங்கை அகலம் குறையும்.

மைதானத்துக்கு வருகிறவர்கள் சிரித்தார்கள். வேகம் கூடினால் பேரலின் தொண்டை சீக்கிரம் தேயும், ஒவ்வொரு கூட்டையும் கையால் செய்து சாக வேண்டும், நாளைக்கு விற்கப் போனால் யாரும் சீந்த மாட்டார்கள் என்றார்கள். எல்லாம் உண்மைதான். நான் மறுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தயிர்சோற்றை ஒரு கையில் வைத்துக்கொண்டு நோட்டில் வரைந்துகொண்டே இருந்தேன். முப்பது வருடத்தில் நான் போட்ட முதல் வரைபடம். நான்கு தடவை அழித்தேன். பித்தளையின் கழுத்தை ஒடுக்கினால் அதன் சுவர் தடித்துப்போகும் என்பதை மறந்து, பழைய தடிமனையே எழுதியிருந்தேன். சோதனைக்கு மூன்று கூடுகளை ஒடுக்கி மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு தௌ. அதை விட்டிருந்தால் கழுத்து அறைக்குள் இறுகிப்போய் ஆபத்தாகியிருக்கும். யாரும் சொல்லவில்லை, நானே பிடித்தேன். அன்று வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

4

வீட்டில் கதை வேறு.

தாரணி நியூ ஜெர்சியில் பிறந்தவள், இப்போது பதினேழு. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். அவள் எட்டு வயதாக இருக்கும்போதே பள்ளியில் விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூலையில் சத்தம் போடாமல் உட்காரப் பழக்கினார்கள். துப்பாக்கியோடு யாராவது வந்தால் என்ன செய்வது என்ற பயிற்சி. அந்தப் பிள்ளை வளர்ந்த வீட்டில், இந்தப் பேரலை மாட்டுவதற்காக நான் ஒரு ரைபிள் வாங்கி வைத்தேன். ஒரு வாரம் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவள் கோபம் நியாயம். அவள் கேட்டபடி கராஜில் இரும்பு அலமாரி வாங்கினேன். சாவி சுகந்தியிடம். எடுக்கும்போது கேட்டு வாங்குவேன், வைத்தவுடன் கொடுத்துவிடுவேன். தாரணி கண்ணில் அது பட்டதே இல்லை.

சுகந்தி எமர்ஜென்சி வார்டில் வேலை செய்கிறவள். குண்டடி பட்டு வருகிறவர்களை அவள் பார்க்கிறாள், நான் பார்க்கவில்லை. அப்படியிருந்தும் 25-06 வரைக்கும் ஒத்துக்கொண்டாள். காட்டுப்பூனைக்கு மட்டும் முடியாது என்றாள். மருந்து அளவு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டாள். எதிலும் இல்லை, கொஞ்சமாக ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றிப் பார்த்து நாமே கண்டுபிடிக்க வேண்டும் என்றேன்.

"சார்ட்டில இல்லாத டோஸ நான் எம் பேஷன்ட்டுக்கே குடுக்க மாட்டேனுங்க. நீங்க மூஞ்சிக்குப் பக்கத்துல வெச்சு வெடிப்பீங்களா?"

சன்னிவேலில் இருக்கும் அவள் அண்ணனுக்குச் செய்தி போனது. மச்சான் பெரிய கம்பெனியில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டார், சுகந்தி ஸ்பீக்கரில் வைத்தாள். துப்பாக்கியைப் பற்றி ஒன்றும் தெரியாது, பத்து நிமிடம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன் என்று அவரே ஒத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்:

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. மெஷினிங் வேற, டிசைன் வேற. நீங்க கடையற ஆளு. டிசைன் பண்றதுக்குன்னு குவாலிஃபைட் ஆளுங்க இருக்காங்க."

நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் வாய் பேசவில்லை. போனை வைத்தபிறகு சுகந்திதான் வழி சொன்னாள். ரெண்டு பேரும் சண்டை போட வேண்டாம், பூக்கேட்டுப் பார்த்துவிடலாம் என்றாள்.

5

பூக்கேட்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போல. எதற்கு எந்தப் பூ என்று மனதில் வைத்துக்கொண்டு சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. என் கல்யாணம் அப்படித்தான் முடிவானது. குலதெய்வக் கோயிலில் அப்பா கேட்டார், வெள்ளை வந்தது, சுகந்தி வந்தாள். அமெரிக்காவுக்கும் அப்பாதான் கேட்டார். அதற்கும் வெள்ளை. இரண்டு முறையும் நான் அவர் முதுகுக்குப் பின்னால் கை கூப்பி நின்றிருந்தேன். நீ என்னடா நினைக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

இங்கே வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபிறகு எங்கள் பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்தோம். கொல்லையில் தொட்டியில் இருக்கிற நந்தியாவட்டையும், வேலியோரம் நிற்கிற சிவப்பு அரளியும். கடையில் வாங்கிய வாழையிலை ஃப்ரீஸரில் இருந்து கிழிந்துபோய் வந்ததால், சமையலறை ஃபாயில் தாளில் மடித்தாள் சுகந்தி. வெள்ளை வந்தால் காட்டுப்பூனை, சிவப்பு வந்தால் 25-06. எடுக்க வேண்டியது தாரணி. இதில் என்னை இழுக்காதீர்கள் என்றாள். கல்லூரிக்குக் கிளம்ப மூன்று வாரம்தான் இருந்தது, அம்மா கெஞ்சியதால் உட்கார்ந்தாள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். பிரித்தேன். அரளி.

சுகந்தி அதைக் கண்ணில் ஒற்றி முருகன் காலடியில் வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போடப் போனாள். தாரணி எழுந்திருக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐ டிட்ன்ட் பீக், அப்பா. பட் ஐ வாண்டட் ரெட். ஐ'ம் நாட் கோயிங் டு லை."

பிள்ளை பொய் சொல்லவில்லையே என்று அந்த நேரத்திலும் பெருமையாகத்தான் இருந்தது.

6

திங்கட்கிழமை சாவி வாங்கி, ரைபிளின் உடம்புப் பகுதியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். 25-06 வெட்டலாம் என்று மேடத்திடம் சொன்னேன். அந்த ரீமர் பட்டறையிலேயே இருக்கிறது. டிராயரிலிருந்து எடுத்து என் மேஜையில் வைத்தார். பேரலை லேத்தில் கட்டினேன். டயலை வைத்து, பேரல் நேராகச் சுழல்கிறதா என்று ஓட்டம் பார்த்தேன். முள் அசையவில்லை. ரீமரைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கையில் பிடித்தேன்.

பிடித்தபடியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்து மிஷின்காரன் உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

ஒரு விஷயம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. பதில் தெரியாமல் நான் முருகனிடம் போகவில்லை. பதில் என் நோட்டில் இருந்தது, இரண்டு தௌ வரைக்கும் திருத்தி எழுதியிருந்தது. சரியாக வராவிட்டால் யார் மேலாவது போட வேண்டும், அதற்காகப் போனேன். முன்னே அப்பா முதுகுக்குப் பின்னால் நின்றேன், அப்புறம் மச்சான் பின்னால், அப்புறம் சுகந்தி பின்னால். இப்போது சாமியை இழுத்து வந்து முன்னால் நிறுத்திவிட்டு அவர் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில்.

ரீமரைத் துடைத்து டிராயரில் திருப்பி வைத்தேன். மேடம் வந்தார். பூ விஷயம் அவருக்குத் தெரியும், காலையிலேயே சொல்லியிருந்தேன். நான் என் ரீமரையே செய்யச் சொல்லப் போகிறேன் என்றேன். உன் சாமி வேண்டாம் என்று சொன்னதாகச் சொன்னாயே என்று கேட்டார். ஆமாம், சொன்னார் என்றேன். மேடம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். என் சாமியிடம் நான் இப்படி நடந்துகொள்ள முடியாது என்றார்.

மேடத்திடம் இங்கிலீஷில் சொல்ல வராததை இங்கே சொல்கிறேன். நான் கும்பிடுகிறவன், பெற்றவர்கள் சொன்ன தீர்ப்பு பிடிக்காமல் கோவணத்தோடு மலையேறிப் போய் நின்றவன். சமாதானம் பேச வந்தவர்களிடமும் இறங்கி வர மாட்டேன் என்றவன். ஒருத்தன் ஒரு தீர்ப்பை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவன் மனசு எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாதா? அன்று சாயங்காலம் விளக்கு முன்னால் விழுந்து எழுந்து சொன்னேன். முருகா, உன்னைக் கேட்டது தப்பு, கேட்டபிறகு மீறுவதும் தப்பு, இரண்டையும் நான்தான் செய்கிறேன், வந்தால் என் மேல் வரட்டும். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. கேட்டால் அது நடிப்பு.

7

சுகந்தியிடம் சொல்லுவதுதான் கஷ்டம். ரைபிளை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னேன். கையில் வைத்துக்கொண்டு பேசினால் அது நேர்மை இல்லை.

அவள் சத்தம் போடவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டாள்.

"சாமி வேண்டாம்னு சொன்னதுக்கப்புறமுங்களா?"

"ஆமா."

"அப்பறம் எதுக்குங்க கேட்டீங்க?"

"கேட்டிருக்கக் கூடாது. பயந்துட்டுக் கேட்டேன்."

சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் கேட்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"என்னையும் பூக்கேட்டுத்தானுங்க கட்டுனீங்க. அன்னிக்குச் செவப்பு வந்திருந்தா?"

"செவப்பு வந்திருந்தாலும் உன்னையத்தான் கட்டியிருப்பேன்."

"பொய். உங்கப்பா முன்னாடி நீங்க வாயவே தொறந்திருக்க மாட்டீங்க."

"அன்னிக்கு மாட்டேன்தான். இன்னிக்குக் கேளு."

அவள் துணியை எடுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். இருபத்தி மூன்று வருடத்தில் நான் அவளிடம் இப்படி ஒன்றைச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். துணி முழுக்க மடித்து முடித்தபிறகு, சாவி இப்போது தர மாட்டேன் என்றாள். அந்த ரீமர் வரட்டும். வந்தபிறகு ஒவ்வொரு அளவையும் தாளில் எழுத வேண்டும், வார்டில் எழுதுகிற மாதிரி. சுட்டதும் கூட்டைப் பார்த்து அவள் சரி என்றால்தான் அடுத்த அளவு. முதல் நாள் அவளும் வருவாள், முதலுதவிப் பையோடு.

"நா உங்க பக்கமில்லீங்க. பக்கத்துல இருப்பேன், அவ்வளவுதான்."

எனக்கு அது போதும் என்றேன்.

8

ரீமர் செய்கிறவர்களுக்கு வரைபடத்தை அனுப்பினேன். அவர்கள் படிவத்தில் ஒப்புதல் கொடுத்த இன்ஜினியர் பெயர் என்று ஒரு கட்டம். என் பெயரை எழுதினேன். மூன்றாம் நாள் போன் வந்தது. வரைபடம் போட்ட இன்ஜினியரிடம் பேச வேண்டும் என்றார் அந்த ஆள். நான்தான் போட்டேன், நான் இன்ஜினியர் இல்லை, டர்னர் என்றேன். கழுத்தளவு வழக்கத்தைவிட இரண்டு தௌ கூட இருக்கிறதே, வேண்டுமென்றுதான் போட்டீர்களா என்று கேட்டார். கூட்டைச் செய்து, குண்டை உட்கார வைத்து அளந்துதான் போட்டேன் என்று ஒவ்வொரு அளவாகச் சொன்னேன். என் இங்கிலீஷ் அங்கங்கே தடுக்கியது. எண்கள் தடுக்கவில்லை. சரி, இதே மாதிரி செய்கிறோம் என்று வைத்துவிட்டார்.

ஆறு வாரத்தில் வந்தது. அதற்குள் தாரணியைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டுவிட்டோம். அறையைக் குடைய எனக்கு முழுதாக ஒரு பகல் ஆனது. கொஞ்சம் வெட்டுவது, வெளியே எடுப்பது, துடைப்பது, அளப்பது, மறுபடி உள்ளே. மேடம் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை சுகந்தி வந்தாள். சுடிதார், காதை மூடுகிற பெரிய ஹெட்போன், மடியில் முதலுதவிப் பை, கையில் தாள் செருகிய அட்டை. மைதானத்தில் எல்லாரும் அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்கள். கணக்குப்படி வரவேண்டியதில் ரொம்பக் கீழே ஆரம்பித்தேன். படுத்து, மூச்சை விட்டு, ஆறெழுத்தைச் சொல்லப் போனேன். வரவில்லை. மீறிவிட்டு வந்தவன் கூப்பிடலாமா என்று நாக்கு நின்றது. அப்புறம் கூப்பிட்டேன். கோபம் அவனுக்கு இருந்தால் இருக்கட்டும், எனக்கு வேறு சாமி இல்லை.

வெடித்தது. ரைபிளின் பின்பூட்டைத் திறந்தேன், பித்தளைக் கூடு வழுக்கிக்கொண்டு வந்தது. சுகந்தியிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு அடியைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள், தாளில் எழுதினாள். "ம்" என்றாள். அடுத்தது. மறுபடி "ம்". ஒன்பதாவது அளவில் கூட்டின் அடியிலிருக்கும் சின்ன மூடி கொஞ்சம் தட்டையாகத் தெரிந்தது. அழுத்தம் எல்லையைத் தொடுகிறது என்பதற்கு அது அடையாளம், அவளுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தேன். நான் வாயைத் திறக்கும் முன் அவளே பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"இதுக்கு மேல இல்லீங்க."

எனக்கும் அதேதான் தோன்றியது. எட்டாவதோடு நிறுத்தினேன். வேகம் மூவாயிரத்து ஐம்பது அடி. நான் கணக்குப் போட்டதைவிட ஐம்பது குறைவு. அறுநூறு கஜத்தில் ஐந்து குண்டு, ஒரு தேநீர்த் தட்டால் மூடிவிடலாம். மச்சானுக்கு அதைச் சொன்னேன். அந்த ஐம்பதடியைத்தான் பிடித்துக்கொண்டார், பார்த்தீங்களா மாப்ள, ப்ராப்பரா அனலைஸ் பண்ணியிருந்தா என்றார். இந்தத் தடவை நான் வாய் பேசினேன். என் கணக்கு தப்பு மச்சான், என் வரைபடம் சரி, தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவும் எனக்குத் தெரியும் என்றேன்.

தாரணியும் போன் பண்ணினாள். அது வெடித்துச் சிதறவில்லையே என்று கேட்டாள். இல்லை கண்ணு, நல்லாத்தான் இருக்கேன் என்றேன்.

"குட். ஐ ஸ்டில் ஹேட் இட், அப்பா."

"சரி கண்ணு. சாப்பிட்டியா?"

9

பட்டறையை விட்டு வெளியே போகிற பேரல் எதிலும் என்ன தோட்டா என்று அடித்துத்தான் அனுப்ப வேண்டும். வேறு தோட்டாவைத் தெரியாமல் போட்டால் ஆளே போய்விடுவான். காட்டுப்பூனைக்குப் பெயர் வைக்கிற உரிமை செய்தவனுக்கு. லோரெட்டா மேடம் எழுத்து அச்சுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, என்ன பெயர் என்று கேட்டார்.

சுகந்தி ஏற்கனவே சொல்லியிருந்தாள், முருகன் பேரை வையுங்கள், கோபமாவது தணியும் என்று. மச்சான் கூட அதையேதான் சொன்னார், நல்ல சென்டிமென்ட் என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. என்றைக்காவது ஒரு கூடு பிளந்தால், ஒரு போட்டியில் கடைசியாக வந்தால், இந்தப் பேரல் இரண்டு வருடத்தில் தேய்ந்து குப்பைக்குப் போனால், அது அவன் பெயரில் போகக் கூடாது. அவன் வேண்டாம் என்றுதான் சொன்னான்.

பேரலைத் துணி சுற்றி வைஸில் இறுக்கினேன். 25 என்று அடித்தேன். அடுத்து என் பெயர். மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, இங்கிலீஷில் பத்து எழுத்து வருகிறதே, பாதியாகச் சுருக்கிக்கொள்ளேன், பார்க்க அழகாக இருக்கும் என்றார். இரும்பு நீளமாகத்தான் இருக்கிறது மேடம் என்றேன். ஒவ்வொரு எழுத்தாக அச்சை நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரே அடி. இரண்டாவது அடி அடித்தால் நிழல் விழுந்துவிடும். ஒன்பது எழுத்து நேராக வந்தது. பத்தாவது கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.

தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கிறாயா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.